திங்கட்கிழமை ரீல்கள்

1

வருகிற சனிக்கிழமை என் மகள் அபிராமிக்குப் பதினெட்டு வயது. லண்டன் தமிழர்கள் பிள்ளைகளின் பதினெட்டாவது பிறந்தநாளை எப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று ஊரில் இருக்கும் உங்களுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது. வாசலில் குத்துவிளக்கு, உள்ளே டிஸ்கோ விளக்கு. ஐந்து தட்டுக் கேக். வீடியோக்காரர் சொல்கிறபடி தாயும் தகப்பனும் பிள்ளைக்குக் கேக் ஊட்ட வேண்டும். அவருக்குத் திருப்தியில்லையென்றால் திரும்பவும் ஊட்ட வேண்டும். வந்த சனம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, போன கிழமை இன்னொருவர் வீட்டுக் கொண்டாட்டத்தில் ரோல்ஸ் பெரிதாக இருந்தது என்று கார் நிறுத்துமிடத்தில் நின்று கதைக்கும்.

நாங்கள் இருக்கிற கிங்ஸ்பரியிலேயே மண்டபம் பார்க்க வேண்டும் என்றார்கள் மனைவியும் மகளும். நான் முடியாது என்றேன். வீட்டில் ஒரு கிழமையாக என்னோடு யாரும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

"எல்லாரும்தானே செய்கிறார்கள், அப்பா. உங்களுக்குப் பதினெட்டோடு என்ன பிரச்சினை?" என்று கேட்டாள் அபிராமி. கேட்டது ஆங்கிலத்தில். 'அப்பா' மட்டும் தமிழ். அவளிடம் மிஞ்சியிருக்கிற தமிழ் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதுவும் ஏதாவது தேவைப்படும்போதுதான் வெளியே வரும்.

பதினெட்டோடு எனக்கு ஒரு பிரச்சினை இருக்கத்தான் இருக்கிறது. அதை அவளுக்குச் சொல்ல முடியாது. சொன்னால் தகப்பன் மேல் இருக்கிற கொஞ்சநஞ்ச மதிப்பும் போய்விடும். உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறீர்கள். என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை.

2

முதலில் நான் என்ன வேலை செய்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். ஊரில் என் மாமனார், மருமகன் லண்டனில் ரெலிபோன் வயர் செய்கிறார் என்று எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறார். இங்கே இருப்பவர்களும் குறைந்தவர்கள் இல்லை. ஒரு கலியாண வீட்டில் ஒரு கணக்காளர், "டொக்டர் எண்டு சொல்லுகினம், எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டார். இரசாயனவியலில் டொக்டர் பட்டம் என்றேன். "ஓ, அந்த டொக்டரோ," என்று சொல்லிவிட்டு வடை எடுக்கப் போய்விட்டார்.

தலைமயிர் தடிப்பில் கண்ணாடி இழைகள். அவற்றுக்குள்ளால் மனிதர்களின் பேச்சு வெளிச்சமாக ஓடும். எட்டு இழைகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, மேலே திரவப் பிசினைப் பூசி, புற ஊதா விளக்குக்குக் கீழே ஓட விட்டால் கண் மூடித் திறப்பதற்குள் காய்ந்து ஒரு நாடாவாகிவிடும். அந்த நாடாவைக் கிலோமீற்றர் கணக்கில் ரீலில் சுற்ற வேண்டும். அங்கேதான் வில்லங்கம். பூச்சில் கொஞ்சம் பசைத்தன்மை இருந்தாலும் ஒரு சுற்று மற்றச் சுற்றைப் பிடித்துக்கொள்ளும். திரும்ப இழுக்கும்போது உள்ளே கண்ணாடி முறியும். அதிகம் வழுக்கினால் சுற்றுகள் ஒருபக்கமாகச் சரிந்து ரீலின் ஓரத்தில் குவியும். ஆகவே ஒட்டவும் கூடாது, வழுக்கவும் கூடாது. இதைப் புலம்பெயர்ந்தவன் வாழ்க்கைக்கு உவமையாக்கி ஆண்டு மலருக்குக் கவிதை எழுத லண்டனில் நாற்பது பேர் தயாராக இருக்கிறார்கள். அவர்கள் எழுதட்டும். எனக்கு அது கொம்பனி சம்பளம் தருகிற ஒரு தொல்லை, அவ்வளவுதான்.

அந்தப் பூச்சை வடிவமைப்பது என் வேலை. தென் லண்டனில், மிச்சம் என்ற ஊருக்குக் கிட்ட, இரண்டு கிடங்குகளுக்கு நடுவில் எங்கள் தொழிற்சாலை இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். மூன்று வருடத்தில் ஆறு கலவைகள் செய்து ஆறும் சரிவரவில்லை. ஏழாவதில் ஒருவகைச் சிலிக்கோன் எண்ணெயைக் கொஞ்சம் கூடச் சேர்த்தேன். ஆய்வுகூடத்தில் ஒரு குவளையில் கலந்து சுடச்சுடப் பூசிப் பார்த்தேன். நாடா வெண்ணெய் மாதிரிச் சுற்றுப்பட்டது. என் மனேஜர் மல்கம் தோளில் தட்டினான். இந்த நாட்டில் தோளில் தட்டுவதற்குச் சம்பள உயர்வு என்று பொருள் இல்லை என்பதை அப்போதே நான் பழகிவிட்டிருந்தேன். என்றாலும் அன்று வீட்டுக்குப் போகும்போது காருக்குள் பாட்டுப் படித்துக்கொண்டு போனேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

3

செல்வமணி வேலைக்கு வந்தது அந்த நேரம்தான். வயது நாற்பத்தைந்து இருக்கும். ஊரில் ஒரு தபால் கந்தோரில் இருந்தவர். கணவரைப் போர் கொண்டுபோய்விட்டது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் ஒருவரைத்தான் கூட்டிவர முடியும் என்றதால், ஒரே மகளைக் கொழும்பில் தங்கையின் வீட்டில் விட்டுவிட்டு வந்தவர். எங்கள் தொழிற்சாலையில் ரீல் சுற்றும் இயந்திரத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. திங்கள், செவ்வாய், புதன் அவர். வியாழன், வெள்ளி, சனி கீத் என்ற ஒரு வெள்ளைக்காரன்.

முதல் நாள் மல்கம் அவரை அழைத்து வந்து எனக்கு அறிமுகப்படுத்தினான். என்னைக் கண்டதும் அந்தப் பெண்ணின் முகம் அப்படியே மலர்ந்தது.

"தம்பி யாழ்ப்பாணத்திலை எவடம்?" என்று கேட்டார்.

எவடம் என்ற அந்தக் கேள்விக்குள் ஊர், சாதி என்று எத்தனை கேள்வி இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் எனக்குக் கோபம் வந்தது அதனால் இல்லை. மல்கம் பக்கத்தில் நின்றான். இரண்டு தமிழர் சேர்ந்து அவனுக்கு விளங்காத பாஷையில் கதைத்தால் என்ன நினைப்பான்? நான் ஆங்கிலத்தில், "நான் கிங்ஸ்பரியில் இருந்து வருகிறேன்," என்றேன். மல்கம் சிரித்தான். செல்வமணிக்கும் ஆங்கிலம் தெரியும். அவர் சிரிக்கவில்லை.

பின்னேரம் நடைபாதையில் அவரை மறித்துத் தனியாகச் சொன்னேன். "இஞ்சை என்னைத் தம்பி எண்டு கூப்பிட வேண்டாம். டொக்டர் எண்டு சொல்லுங்கோ."

"ஏன், கூப்பிட்டா வேலை போயிடுமோ?"

"அப்பிடி இல்லை. இது கந்தோர்."

"சரி டொக்டர்," என்றார். அதற்குப் பிறகு ஒருநாளும் மறந்துபோய்க்கூடத் தம்பி என்று வாய் தவறவில்லை.

வேலைத்தலத்தில் தன் இனத்தவனுக்குச் சலுகை காட்டுகிறான் என்று வெள்ளைக்காரன் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக நாங்கள் ஒரு காரியம் செய்வோம். மற்றவர்களிடம் காட்டாத கண்டிப்பைத் தமிழரிடம் காட்டுவோம். லண்டனில் எந்தக் கந்தோரிலும், எந்தக் கடையிலும் இதைப் பார்க்கலாம். இதற்கு நேர்மை என்று பெயர் வைத்திருக்கிறோம். கீத் பத்து நிமிடம் பிந்தி வந்தால் நான் குட் மோர்னிங் சொல்வேன். செல்வமணி இரண்டு நிமிடம் பிந்தினால் மணிக்கூட்டைப் பார்ப்பேன்.

ஒருநாள் ஒரு படிவத்தோடு என்னிடம் வந்தார். அவருக்கு இங்கே கிடைத்திருந்தது அகதி என்ற முழு அந்தஸ்து இல்லை, இருந்துவிட்டுப் போ என்கிற மாதிரி ஓர் அனுமதி. அப்படிப்பட்டவர்கள் நாலு வருடம் பொறுத்த பிறகுதான் பிள்ளையைக் கூப்பிடலாம். அந்த நாலு வருடம் முடிந்துவிட்டது. பிள்ளை பதினெட்டு வயதுக்குள் இருக்க வேண்டும். தாய்க்கு நிரந்தர வேலை இருக்கிறதென்று கொம்பனிக் கடிதம் வேண்டும்.

"மகளுக்கு வாற மாசிக்குப் பதினெட்டு முடியுது, டொக்டர். எனக்கு இஞ்சை ஆறு மாசம் முடிய நிரந்தரமாக்குவினம். அதுக்குப் பிறகு மூண்டு கிழமைதான் இருக்கும். இந்த நாலாம் பக்கத்தை ஒருக்காப் பாத்துச் சொல்லுவியளோ?"

இதற்கெல்லாம் ஆலோசனை நிலையங்கள் இருக்கின்றன, அங்கே போங்கள் என்றேன். என் கையில் அப்போது ஒரு வேலையும் இருக்கவில்லை.

4

ஏழாம் கலவை தொழிற்சாலைக்குப் போய் இரண்டு மாதத்தில் ரீல்கள் திரும்பி வரத் தொடங்கின. ஒட்டிப் பிடிக்கிறது, இழை முறிகிறது என்று வாடிக்கையாளர் எழுதினார். வெளிநாட்டில் இருந்து ஒரு பெரிய ஓடர் அந்தப் பூச்சை நம்பித்தான் இருந்தது. மல்கம் தோளில் தட்டுவதை நிறுத்திவிட்டான்.

ஒரு புதன்கிழமை செல்வமணி ஆய்வுகூடக் கதவில் வந்து நின்றார். உள்ளே வாங்கோ என்று நான் சொல்லவில்லை. அவரும் வரவில்லை.

"டொக்டர், ஒண்டு சொல்லட்டே? திங்கக்கிழமை வாற நாடா கையிலை பிடிக்குது. செவ்வாய் கொஞ்சம் பரவாயில்லை. புதன் இன்னும் நல்லம். வெள்ளிக்கிழமை தன்ரை ரீல் வழுக்கிக்கொண்டு ஓடுது எண்டு கீத் சொல்லுறான். புதுப் பீப்பா திங்கக்கிழமைதானே உடைக்கிறது?"

"அதுக்கு?"

"குழாய் பீப்பாவின்ரை அடியிலை நிக்குது. எண்ணெய் மேலை வந்து நிக்குமெல்லோ? துழாவாமல் அடியிலை இருந்து உறிஞ்சினா முதல் வாறதிலை எண்ணெய் இராது. பேந்து கடைசியிலை எல்லா எண்ணெயும் ஒண்டாய் வரும்."

இது ஒரேசீரான கலவை, பிரிந்து நிற்காது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மூலக்கூறு என்றேன், கரைதிறன் என்றேன். ஒரு தபால் கந்தோர்க்காரி எனக்கு இரசாயனம் படிப்பிக்க வந்துவிட்டாள் என்ற எரிச்சல் எனக்கு. பீப்பா களஞ்சியம் முப்பது அடி தள்ளி இருந்தது. எழும்பிப் போய் மூடியைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம் பிடிக்காது. நான் எழும்பவில்லை.

அவர் என் விளக்கம் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்கள் வீட்டிலை ஒரு நாளாவது கறிச்சட்டியை எட்டிப் பாத்திருந்தா இப்பிடிச் சொல்ல மாட்டியள்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னது உண்மை. எனக்கு மனைவி தேத்தண்ணியிலே சீனி போட்டு, கலக்கி, கையில் தருவாள். அதற்கு முன் அம்மா கலக்கித் தந்தா. தொழிற்சாலைக்கு நான் எழுதிக் கொடுத்த வேலை அறிவுறுத்தல் எட்டுப் பக்கம். வெப்பநிலை, வேகம், இழுவிசை, விளக்கின் உயரம் எல்லாம் இருந்தது. 'கலக்கவும்' என்ற ஒரு சொல் எட்டுப் பக்கத்திலும் இல்லை. யாழ்ப்பாணத்து ஆம்பிளை ஒருத்தன் டொக்டர் பட்டமும் எடுத்தால் இப்படித்தான் எழுதுவான்.

5

மல்கம் காரணம் கேட்டு நெருக்கினான். நான் புள்ளிவிபரம் எடுத்தேன். திரும்பி வந்த ரீல்களை அவற்றைச் சுற்றியவர்களின் பெயரில் பிரித்து, நிறம் நிறமாக ஒரு வரைபடம் கீறினேன். சிவப்புக் கோடு செல்வமணி, வானத்துக்கு நின்றது. பச்சைக் கோடு கீத், தரையோடு கிடந்தது. அதே ரீல்களை நாளின் பெயரில் பிரித்திருந்தாலும் அதே வரைபடம்தான் வந்திருக்கும். திங்கள் முதல் புதன் வரை சிவப்பு, பிறகு பச்சை. முதலாம் வருடத்து மாணவன்கூடக் கேட்டிருப்பான், ஆளா நாளா என்று. நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் என் பீப்பாவுக்குள் போய் நிற்கும் என்று எங்கேயோ ஒரு மூலையில் எனக்குத் தெரிந்திருந்ததா? ஆறு வருடமாக இதை யோசிக்கிறேன். தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

கூட்டத்தில் மல்கம் மூக்கைச் சுளித்துக்கொண்டு கேட்டான். "அவள் தலைக்கு ஏதோ எண்ணெய் வைக்கிறாள், இல்லையா? அது கையில் பட்டு ரீலுக்குப் போயிருக்குமோ?"

இதற்குச் சிரித்திருக்க வேண்டும். மூன்று வருடமாக நாடாவை வழுக்க வைக்க நான் எண்ணெய் தேடி அலைகிறேன், இவன் எண்ணெயால் ஒட்டுகிறது என்கிறான். முட்டாள்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா! ஆனால் நான் சிரிக்கவில்லை. சபையில் தேங்காய் எண்ணெய் என்ற பேச்சு எழுந்ததும் என் காது சூடாகிவிட்டது. என் தலையைப் பற்றியும் நினைப்பார்களோ என்ற பயம். அறிக்கையின் கடைசியில் 'இயந்திரத்தை இயக்குபவரின் தனிப்பட்ட பழக்கங்களால் மாசு ஏற்பட்டிருக்க வாய்ப்புண்டு' என்று ஒரு வரி சேர்த்தேன். கீழே என் பெயர், என் பட்டம், என் கையெழுத்து.

செல்வமணிக்கு ஆறு மாதம் முடிய இன்னும் இரண்டு கிழமை இருந்தது. புரொபேஷனில் இருப்பவரை நிறுத்தக் காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் அவர்கள் என் அறிக்கையைக் காட்டித்தான் நிறுத்தினார்கள். அன்று செல்வமணி ஆய்வுகூடத்துக்கு வந்தார். கதவில் நிற்கவில்லை, நேராக என் மேசைக்கு வந்தார்.

"டொக்டர், நான் எண்ணெய் வைக்கிறேல்லை. தடிமன், சளி பிடிக்கும் எண்டு லண்டன் வந்த நாளிலை இருந்து விட்டிட்டன்." அவ்வளவுதான் சொன்னார். அழவில்லை, ஏசவில்லை. நான் நுணுக்குக்காட்டிக்குள் குனிந்தேன். அதில் பார்க்க ஒன்றும் வைத்திருக்கவில்லை.

6

அடுத்த திங்கட்கிழமை அந்த இயந்திரத்தில் கீத் நின்றான். பத்தரை மணிக்குக் கையில் ஒரு துண்டு நாடாவோடு வந்தான்.

"டொக்டர், இது என்னிடமும் ஒட்டுகிறது. நானும் தலைக்கு எண்ணெய் வைக்கிறேனா?" என்றான். கீத்துக்கு உச்சியில் மயிரே இல்லை. "அந்தப் பெண் பீப்பாவைக் கலக்கச் சொன்னாளே. நீங்கள் பார்த்தீர்களா?"

களஞ்சியத்துக்குப் போனேன். அன்று காலை உடைத்து இயந்திரத்துக்குக் குழாய் பூட்டியிருந்த பீப்பாவின் மூடியைத் திறந்தேன். மேலே ஒரு விரல் தடிப்புக்கு எண்ணெய் பளபளவென்று நின்றது. விரலை விட்டுப் பார்த்தேன். வேறு ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. பிறகு ஒரு துடுப்பை எடுத்து, என் கையாலேயே இருபது நிமிடம் துழாவினேன். வாழ்க்கையில் முதல் முறை. அன்று மத்தியானம் முதல் நாடா ஒட்டவுமில்லை, வழுக்கவுமில்லை. திங்களும் வெள்ளியும் ஒன்றாயின. மூன்று வருடமாகத் தேடிய பூச்சு இதுதான். கீத் கைதட்டினான்.

சனிக்கிழமை மிச்சத்தில் செல்வமணி இருந்த இடத்துக்குப் போனேன். ஒரு மூலைக்கடைக்கு மேலே ஒற்றை அறை. செல்வமணி கதவைத் திறந்து, "வாங்கோ," என்றார். சுவரில் ஒரு கலண்டர், நாட்கள் ஒவ்வொன்றாகப் பேனையால் வெட்டப்பட்டிருந்தன. கட்டிலின் விளிம்பில் இருந்துகொண்டு நடந்ததைச் சொன்னேன். பிழை உங்களில் இல்லை, கலவையில்தான் என்றேன். என்னில் என்று வரவில்லை, கலவையில் என்றுதான் வாயில் வந்தது.

"எனக்குத் தெரியும்," என்றார். "இப்ப என்ன செய்யலாம்? அதைச் சொல்லுங்கோ."

"திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்லிக் கேக்கிறன்."

"கேட்டாப் போதாது. பிழை என்னிலை இல்லை, என்னைத் திருப்பி எடுக்கினம், நிரந்தரம் எண்டு கடிதம் வேணும். கொம்பனிக் கடதாசியிலை. இண்டைக்கு இருபத்தாறு நாள் இருக்கு. தபாலுக்கு ஒரு கிழமையை விடுங்கோ."

"திங்கக்கிழமை செய்யிறன்," என்றேன்.

7

திங்கட்கிழமை மல்கமிடம் போனேன். அதையாவது செய்தேன்.

அவன் கெட்டவன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் அவன் நான் சொன்னதை ஒழுங்காகக் கேட்டான். அவளைத் திருப்பி எடுப்பதில் தனக்கு ஒரு தடையும் இல்லை என்றான். ஆனால் கடிதத்தில் காரணம் எழுதினால் அறிக்கையை மாற்ற வேண்டும். அறிக்கை மாறினால் கலவையில் குறை இருந்தது என்று வாடிக்கையாளருக்குப் போகும். ஓடர் கையெழுத்தாகிற நேரம். "ஒரு மாதம் பொறு," என்றான். "கையெழுத்தானதும் நீ என்ன வேண்டுமென்றாலும் எழுது, நான் ஒப்பமிடுகிறேன். எட்டாம் கலவை என்று போட்டு, அறிவுறுத்தலில் கலக்கும் படியைச் சேர். உன்னைச் சிரேஷ்ட பதவிக்குப் போடச் சொல்லியிருக்கிறேன்."

ஒரு மாதம் என்றால் முப்பது நாள். இருபத்தாறை விட முப்பது பெரிது என்று அவனுக்குச் சொல்ல வேண்டியது நான். மகள், பதினெட்டு, கொழும்பு என்று ஒரு சொல் அவனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் என்ன செய்திருப்பான் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை உடனே கையெழுத்துப் போட்டிருப்பான். வெள்ளைக்காரனுக்கு முன்னால் எங்கள் வீட்டுக் கஷ்டங்களை விரிக்கக் கூடாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் வைத்திருந்தேன். அந்தச் சட்டத்துக்குள் சிரேஷ்ட பதவியும் வசதியாகப் போய் இருந்துகொண்டது.

"ஒரு மாதம்தானே," என்று சொல்லிவிட்டு வந்தேன். செல்வமணி இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டார். இரண்டு முறையும், நடந்துகொண்டிருக்கிறது என்றேன். மூன்றாம் முறை மணி அடித்தபோது, அப்பா வீட்டில் இல்லை என்று சொல்லச் சொல்லி அபிராமியிடம் ரிசீவரைக் கொடுத்தேன். பிள்ளை நல்ல சுத்தமான ஆங்கிலத்தில் பொய் சொன்னாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. தமிழ் பேசுகிறாள் இல்லை என்று நான் இன்றைக்குக் குறைப்படுகிறேன். தமிழில் நான் அவளுக்கு என்னத்தைச் சொல்லிக் கொடுத்துக் கிழித்தேன்?

8

ஓடர் கையெழுத்தாகி நாலாம் நாள் மல்கம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். கடிதத்தை நானே எழுதினேன். நல்ல கடிதம். ரீல்களில் ஏற்பட்ட குறைக்கும் செல்வமணிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, முந்திய அறிக்கை தவறானது, அவர் நிரந்தர வேலையில் மீண்டும் சேர்க்கப்படுகிறார். இரண்டு கையெழுத்து. பிரதி ஒன்றும் வைக்க வேண்டாம், கையில் கொடு என்றான் மல்கம்.

செல்வமணியின் அறைக்குக் கொண்டு போனேன். மகளின் பிறந்தநாள் முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. வேலையாவது திரும்பக் கிடைக்கிறதே என்று ஒரு சமாதானத்தை வழி முழுக்கத் தயாரித்துக்கொண்டு போனேன்.

செல்வமணி கடிதத்தை யன்னலடியில் பிடித்து முழுவதும் வாசித்தார். தபால் கந்தோரில் இருந்தவர் அல்லவா, முதலில் பார்த்தது திகதியை.

"பிறந்தநாளைக்கு ரெண்டு நாள் முந்தி, கடிதம் இல்லாமலே கொழும்பிலை விசாக் கந்தோரிலை போமைக் குடுப்பிச்சனான்," என்றார். "தாய்க்கு வேலை இல்லை எண்டு எழுதித் திருப்பிவிட்டாங்கள். மகள் வதனி கவுண்டரிலை நிண்டு அழுதவளாம்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"லோயரிட்டைப் போனனான். அப்பீல் போடலாமாம். ஆனா போமைக் குடுத்த நாளிலை என்ன நிலைமையோ அதைத்தான் பாப்பினமாம். அண்டைக்கு எனக்கு வேலை இருந்தது எண்டு காட்ட ஒரு கடிதம் இருந்தா அவள் வரலாம். இந்தக் கடிதமே போதும். திகதியை மட்டும், நீங்கள் முதல் இஞ்சை வந்தியளே ஒரு சனிக்கிழமை, அந்தக் கிழமையிலை போட்டுத் தாங்கோ. அண்டைக்கே உங்களுக்கு உண்மை தெரியும்தானே. பொய் ஒண்டும் இல்லையே."

கீழே கடையில் யாரோ பால் போத்தல் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். புதுக் கொம்பனிக் கடதாசி என் மேசை லாச்சிக்குள் இருந்தது. மல்கம் திகதியைப் பார்த்து ஒப்பமிடுகிற ஆள் இல்லை. ஐந்து நிமிட வேலை.

"திகதியை மாத்த ஏலாது, அக்கா," என்றேன். அக்கா என்று அன்றைக்குத்தான் முதல் முறை வந்தது. "பொய்க் கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை."

செல்வமணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும்.

"ஓம். நீங்கள் பொய் எழுத மாட்டியள்தான்," என்றார். கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து, உறைக்குள் வைத்து, என் கையில் தந்தார். "இதைக் கொண்டு போங்கோ. அங்கை நான் இனி வேலைக்கு வரேல்லை. என்னட்டை இது கிடந்து என்னத்துக்கு."

கதவு மெதுவாகத்தான் சாத்தப்பட்டது. படியிறங்கி வந்து காரில் ஏறினேன். வெட்கமாக இருந்தது, அழுகை வந்தது என்று எழுதினால் வாசிக்க உங்களுக்கு நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. என் பிழையை என் கையாலேயே எழுதிய ஒரே கடதாசி திரும்ப என் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது, இனி எந்த லோயரும் அதைக் காட்டிக் கொம்பனிக்கு வரமாட்டான் என்பதுதான் நினைப்பாக இருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது.